காய்ச்சல் கணக்கில் பெண்கள் எங்கே?

2007-ஆம் ஆண்டு பசிபிக் கடலில் யாப் என்ற சிறு தீவில், டெங்குவைப் போலக் கொசு பரப்பும் ஜிகா வைரஸ் பரவியது. ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் தாண்டி அந்த வைரஸ் ஓர் ஊரையே பிடித்தது அதுதான் முதல் முறை. சிகிச்சைக்கு வந்து பரிசோதனையில் உறுதியானவர்களை எண்ணியபோது பெண்களே அதிகம், பத்துக்கு ஆறு பேர். பிறகு ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அந்தக் கணக்கில் ஆண்கள் பெண்களைவிடச் சற்றுக் கூடுதல். தீவு ஒன்று, வைரஸ் ஒன்று, காலமும் ஒன்றுதான். மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் ஒரு விடை வருகிறது, வீட்டு வாசலில் நின்று எண்ணினால் வேறு விடை வருகிறது.

டெங்குவில் இது தலைகீழாகவும் நடக்கிறது. ஆசியாவின் ஆறு நாடுகளின் டெங்குப் பதிவுகளை ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண் நோயாளிகளே அதிகம் எனத் தெரிந்தது. ஆண்கள் வெளியே அலைகிறார்கள், அதனால் அதிகம் கடிபடுகிறார்கள் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் டெங்குக் கொசு வீட்டுக்குள் குடியிருப்பது, பகலில் கடிப்பது. காய்ச்சலோடு வேலையும் பார்த்து, இரண்டு மாத்திரையை விழுங்கி, மருத்துவமனைப் பக்கமே போகாமல் தேறிவிட்ட பெண் அந்தப் பதிவேட்டில் எந்த வரியில் இருப்பாள்? அப்படிப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு இரண்டு காரணங்கள். என் அக்காவுக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் டெங்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எனக்குச் சிக்குன்குனியா வந்தது. இரண்டு முறையும், நோயைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் செய்திகள் எங்களுக்குப் பாதிதான் உதவின. மீதிப் பாதி எழுதப்படாமல் இல்லை. ஆய்வுகளில் இருக்கிறது, மருத்துவ வழிகாட்டிகளில் இருக்கிறது. ஆனால் காய்ச்சலோடு வந்து நிற்கும் பெண்ணிடம் அது வந்து சேர்வதில்லை.

கொசுவிலிருந்தே தொடங்குகிறேன். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் வெப்பமண்டல நகரங்களில் பரப்புவது பெரும்பாலும் ஏடிஸ் எகிப்தி என்ற ஒரே இனம். கால்களில் வெள்ளைப் பட்டைகள் கொண்டது. கடிப்பது பெண் கொசு மட்டுமே, முட்டை வளர்க்க அதற்கு இரத்தம் வேண்டும். ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிப்பதைவிட, கொஞ்சம் குடித்துவிட்டு அசைவு கண்டால் எழுந்து அடுத்த ஆளிடம் போகும் குணம் இதற்கு உண்டு. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துப் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும், இருட்டான மூலைகளிலும் ஓய்வெடுக்கும். காலையில் வெயில் ஏறும்முன்னும், மாலையில் வெளிச்சம் மங்கும்முன்னும் அதிகம் கடிக்கும்.

முட்டைகள் தண்ணீரில் மிதப்பவை அல்ல. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கருப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அவை சாகாது. காய்ந்த நிலையில் பல மாதங்கள் தாங்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதன்பின் வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். அதனால் தொட்டியைக் காலி செய்தால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை.

யார் தேய்ப்பது என்பதுதான் கேள்வி. குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வரும் நகரத்தில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தேவையே இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை வரும் நகரத்தில் டிரம்மும் தொட்டியும் இல்லாமல் வாழ முடியாது. அந்த டிரம்மில் கொசு வளர்கிறது. அதை நிரப்புவது, மூடுவது, கழுவுவது எல்லாம் வீட்டுப் பெண்ணின் வேலையாகிவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து பிரேசில்வரை பல நாடுகளில் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சோதியுங்கள் என்ற பிரச்சாரம் நடந்திருக்கிறது. சொல்லப்படும் செய்தி சரியானதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாருடைய பத்து நிமிடம் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் ஒழுங்காக வராததும், குப்பை அள்ளப்படாததும், மழைநீர் வடியாததும் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. டெங்கு வந்தபின் அது வீட்டுக்குள் தேடப்படும் குற்றமாகி, தொட்டியை மூடாத பெண்ணின் தலையில் வந்து விழுகிறது.

வரலாற்றில் இதைப் பெண்கள் தலையில் கட்டாமலும் செய்திருக்கிறார்கள். 1901-இல் கியூபாவின் ஹவானா நகரில் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ், இதே ஏடிஸ் எகிப்தி பரப்பும் மஞ்சள் காய்ச்சலை ஒடுக்கியபோது, சம்பளம் வாங்கும் ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பாத்திரங்களை மூடினார்கள், எண்ணெய் தெளித்தார்கள், திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பிரேசில் 1958-இல் ஏடிஸ் எகிப்தியை ஒழித்துவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. அதுவும் இதே முறையில், படை போன்ற ஒழுங்கோடு நடந்த வேலை. அன்றைய கெடுபிடியும் பூச்சிமருந்தும் இன்று அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலை அது என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்ததும் கொசு திரும்பி வந்தது. 1980-களிலிருந்து அமெரிக்கக் கண்டத்தில் டெங்கு மறுபடி வேர்விட்டு, 2024-இல் உலகம் முழுவதும் பதிவானவை மட்டும் 1.4 கோடியைத் தாண்டின.

இனி பெண்ணின் உடலுக்கு வருகிறேன்.

டெங்கு வந்தவருக்கு ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதி மூச்சு விடும் நேரம் அது. அப்போதுதான் இரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் சரியத் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தாங்க முடியாத சோர்வு, அமைதியின்மை இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் பெரும்பாலானோர் இப்போது அறிந்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலோடு சொல்லாமல் விடப்படுவது மாதவிடாய். டெங்குக் காய்ச்சலின்போது மாதவிடாய் வந்தால் இரத்தப்போக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாகலாம். தேதிக்கு முன்பே தொடங்கிவிடவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியே கடுமையான இரத்தப்போக்கு நேரலாம் என்று தெளிவாகவே குறிப்பிடுகிறது. பெண்கள் இதை ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்வதில்லை. மாதாமாதம் வருவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். வார்டில் ஈறைப் பார்ப்பார்கள், தோலில் புள்ளி தேடுவார்கள், மலத்தின் நிறத்தைக் கேட்பார்கள். கடைசி மாதவிடாய் எப்போது, இப்போது எத்தனை முறை பேடு மாற்றுகிறீர்கள் என்ற கேள்வி பலமுறை விடுபடுகிறது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இந்த ஒரு கேள்வி உயிர் காக்கும் கேள்வி. உடம்புவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் பழக்கமாகப் போடும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளும் டெங்குவில் கூடவே கூடாதவை, இரத்தப்போக்கைக் கூட்டுபவை. பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. மாதாமாதம் அந்த வலி மாத்திரையைக் கைப்பையில் வைத்திருக்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை.

கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. அக்காவை அட்மிட் செய்த இரவில் நான் இதை நேரில் பார்த்தேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது பிளேட்லெட் எண்ணிக்கையை அல்ல, கர்ப்பகாலப் பரிசோதனைச் சீட்டுகளை. போன மாதம் இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் எவ்வளவு இருந்தது என்று தேடி எடுத்தார். அதையும் அன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஏன் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் சிவப்பணு விகிதமான ஹீமட்டோக்ரிட் இயல்பாகவே இறங்கியிருக்கும். டெங்குவில் நீர் கசியும்போது அந்த விகிதம் ஏறும். மற்றவர்களுக்கு ஏற்றம் எடுப்பாகத் தெரியும். இறங்கிய இடத்திலிருந்து ஏறும் கர்ப்பிணிக்கோ, ஆபத்தான ஏற்றமும் சாதாரண எண்ணாகவே தாளில் தெரியலாம். கர்ப்பத்தில் நாடித்துடிப்பு இயல்பாகவே வேகமாக இருக்கும், இரத்த அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும், பிளேட்லெட்டும் கொஞ்சம் இறங்கியிருப்பது உண்டு. அதாவது டெங்குவின் எச்சரிக்கை மணிகள் எல்லாமே கர்ப்பத்தின் சாதாரண ஓசைகளுக்குள் மறைந்துகொள்கின்றன. போதாததற்கு, கர்ப்பகால இரத்தக்கொதிப்பின் கடுமையான வடிவமும் இதே முகத்தோடு வரும். பிளேட்லெட் இறங்கும், கல்லீரல் பரிசோதனைகள் மாறும், மேல்வயிறு வலிக்கும். இரத்தக்கொதிப்புக்குச் சிகிச்சை பிரசவத்தை முடிப்பது. டெங்குவிலோ, ஆபத்தான கட்டத்தில் அறுவை செய்தால் இரத்தம் நிற்காமல் போகும். இரண்டையும் பிரித்தறிய அனுபவமுள்ள கண் வேண்டும்.

இது வெறும் அச்சமல்ல என்பதற்குப் பிரேசிலின் பதிவுகள் சான்று. லட்சக்கணக்கான பிறப்புகளையும் டெங்குப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகள் 2017, 2018 ஆண்டுகளில் வெளிவந்தன. கர்ப்பத்தில் டெங்கு வந்தவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, தாய் இறக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. இரத்தக்கசிவோடு கூடிய கடும் டெங்குவில் தாயின் ஆபத்து நூற்றுக்கணக்கான மடங்கு. பெரும்பாலான கர்ப்பிணிகள் டெங்குவிலிருந்து நல்லபடியாக மீள்கிறார்கள் என்பதும் உண்மை. அக்காவும் மீண்டாள், குழந்தையும் நலமாகப் பிறந்தது. ஆனால் ஒரு நகரம் மழைக்காலத்துக்குத் தயாராகும்போது, காய்ச்சல் வார்டும் பிரசவ வார்டும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

ஜிகா வந்தபோது உலகம் பெண்ணைப் பற்றிப் பேசியது. எப்படிப் பேசியது என்பதில்தான் எனக்கு ஆறாத கோபம்.

1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டறியப்பட்ட வைரஸ் அது. அறுபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சல், தடிப்பு, கண்சிவப்பு. 2015-இல் பிரேசிலின் வடகிழக்கில், ரெசிஃபே நகரில், குழந்தை நரம்பியல் மருத்துவர் வானெசா வான் டெர் லிண்டன் மிகச் சிறிய தலையோடு பிறக்கும் குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார். அதே துறையில் பணியாற்றிய அவருடைய தாயும் தன் மருத்துவமனையில் அதையே பார்த்தார். கம்பீனா கிராண்டே என்ற நகரில், கருவிலிருக்கும் குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்க்கும் அட்ரியானா மேலோ என்ற மருத்துவர், மூளை பாதிக்கப்பட்ட கருக்களைச் சுமந்த இரண்டு பெண்களின் பனிக்குட நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் ஜிகா இருந்தது. அந்த நவம்பரில் பிரேசில் அவசரநிலை அறிவித்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனமும் அறிவித்தது. நோயை உலகுக்குக் காட்டியவர்கள் தங்கள் முன் வந்து நின்ற தாய்மார்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட பெண் மருத்துவர்கள். இதை நான் எப்போதும் நினைவில் வைத்திருப்பேன்.

பிறகு அரசுகள் பேசின. 2016 ஜனவரியில் எல் சால்வடார் நாட்டின் சுகாதாரத் துறை, 2018 வரை கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று பெண்களுக்கு அறிவுறுத்தியது. கருக்கலைப்பு எந்தக் காரணத்துக்கும் முழுமையாகத் தடை செய்யப்பட்ட நாடு அது. கொலம்பியாவும் சில மாதங்கள் தள்ளிப்போடச் சொன்னது. கருத்தரிப்பதைத் தள்ளிப்போட முடிவெடுக்கும் உரிமை தன் கையில் இல்லாத பெண்ணுக்கு, கருத்தடை சாதனம் கைக்கெட்டாத பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொன்னால் அடி விழும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? ஆண்களுக்கு அதே அளவு உரக்க எதுவும் சொல்லப்படவில்லை. இத்தனைக்கும் ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும், ஆணின் விந்தில் பல வாரங்கள் தங்கும். ரியோ டி ஜெனிரோவின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கர்ப்பிணிகளைக் கணக்கிலிருந்து விலக்கிய பிறகும், 15 முதல் 65 வயதுவரையான பெண்களிடம் ஜிகா அதே வயது ஆண்களைவிட ஏறத்தாழ 90 விழுக்காடு அதிகமாகப் பதிவாகியிருந்தது. சிறுமிகளிடமும் மூதாட்டிகளிடமும் அந்த வித்தியாசம் இல்லை. ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போன தொற்று அதில் கணிசமான பங்கு வகித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் எட்டிய முடிவு. ஜிகா பரவும் இடத்துக்குப் போய் வந்த ஆண் மூன்று மாதம் ஆணுறை அணிய வேண்டும் என்பது இன்று தெளிவான வழிகாட்டுதல். அதைச் சுவரொட்டியில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கர்ப்பிணிகளுக்கான கொசு எச்சரிக்கைச் சுவரொட்டிகள் நூறு பார்த்திருப்போம்.

கருவில் பாதிப்பு நேரும் வாய்ப்பையும் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறைச் செய்தியால் எத்தனையோ பெண்கள் உறக்கம் இழந்தார்கள். அமெரிக்காவின் ஆட்சிப்பகுதிகளில் ஜிகா உறுதியான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ 20-இல் ஒரு குழந்தைக்கு ஜிகாவோடு தொடர்புடைய பிறவிக் குறை இருந்தது. முதல் மூன்று மாதங்களில் தொற்று வந்திருந்தால் 12-இல் ஒன்று. பெரும்பாலான குழந்தைகள் குறையின்றிப் பிறந்தன என்பதையும் தாயிடம் சொல்ல வேண்டும், ஸ்கேன்களைத் தவறவிடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டெங்கு ஏற்கெனவே வந்துபோன உடம்பில் ஜிகாவுக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை குழப்பமான விடை தரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள், ஒன்றின் எதிர்ப்பொருளை மற்றொன்றினுடையதாகப் பரிசோதனை காட்டிவிடும்.

அவசரநிலை 2016 நவம்பரில் முடிந்தது. குழந்தைகள் வளர்ந்தார்கள். வலிப்பு, விழுங்க முடியாமை, இடுப்பெலும்பு விலகல், பார்வைக் குறை எனத் தினமும் ஒரு சிகிச்சைக்கு அலைய வேண்டியிருந்தது. பல தாய்மார்கள் வேலையை விட்டார்கள். பல தந்தையர் குடும்பத்தை விட்டே போனார்கள். ரெசிஃபேயில் தாய்மார்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள், மருந்தையும் சக்கர நாற்காலியையும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள், தலைநகருக்குப் போய் வாதாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இழப்பீடும் வாழ்நாள் உதவித்தொகையும் தரும் சட்டம் 2025-இல்தான் பிரேசிலில் நிறைவேறியது. வடகிழக்கின் ஏழை வீடுகளில்தான் இந்தக் குழந்தைகள் அதிகம் பிறந்தார்கள். தண்ணீர் ஒழுங்காக வராததால் சேர்த்துவைத்த வீடுகள் அவை.

சிக்குன்குனியாவில் யாரும் அவ்வளவாகச் சாவதில்லை என்பார்கள். அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. 2005-06-இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவரை அது பிடித்தது. அங்குதான் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால், பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிக்குத் தொற்று போகிறது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. பிறந்தபோது நன்றாகவே இருக்கும் குழந்தை சில நாட்களில் காய்ச்சலும் பாலருந்த மறுப்பும் வலியுமாகச் சுருளும். சிலருக்கு மூளை பாதிக்கப்படும். எனவே பிரசவத் தேதியை ஒட்டிக் காய்ச்சல் வந்த தாயையும் குழந்தையையும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு வாரம் கண்காணிப்பது அவசியம். தாய்ப்பாலை மட்டும் நிறுத்த வேண்டாம். டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றிலும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை தாய்ப்பால் தொடர வேண்டும் என்பதே.

எனக்கு வந்தது சாதாரண சிக்குன்குனியாதான். காய்ச்சல் சில நாளில் போனது. மூட்டு போகவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பாட்டில் மூடியைத் திறக்க முடியாது, ஈரத்துணியைப் பிழிய முடியாது, பேனா பிடித்தால் கட்டைவிரல் அடிப்பகுதி சுடும். கணுக்கால் வீங்கியிருக்கும், படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் முழு நலம். வலி மாதங்களைக் கடந்தது. வயது 45-ஐத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த நீண்டகால மூட்டுவலி அதிகம் தங்குகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அப்படியிருந்தும், காய்ச்சல் போனதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். நாள் முழுக்கத் தூக்குவது, பிழிவது, அரைப்பது, தேய்ப்பது, குழந்தையை எடுப்பது என்று கைமூட்டை நம்பியே வாழும் பெண்ணுக்கு மணிக்கட்டு போவது பிழைப்பு போவதற்குச் சமம். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு அது நேரடியாகக் கூலியைப் பறிக்கும். மாதக்கணக்கில் கை வீங்கியிருந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து உண்டு, பயிற்சி உண்டு. வயசானா வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேரிடம் நான் இதைப் பேசியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

தற்காப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கர்ப்பிணிகள் இதில் வீணாகப் பயப்படுகிறார்கள். டீட், பிக்காரிடின் கலந்த கொசு விரட்டிகளை அட்டையில் உள்ளபடி பயன்படுத்தினால் கர்ப்பத்திலும் பாதுகாப்பானவை. கை கால் மூடிய ஆடை உதவும். சன்னல் வலை உதவும். கொசுவலை இரவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பகலில் படுக்கும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அதே வலையை விரிக்க வேண்டும். டெங்குத் தடுப்பூசிகளும் அண்மையில் வந்த சிக்குன்குனியாத் தடுப்பூசி ஒன்றும் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆனவை என்பதால் கர்ப்பத்தில் போடப்படுவதில்லை. போட வாய்ப்புள்ள இடத்தில், கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை நகரின் சில பகுதிகளில் விட்டார்கள். அந்த பாக்டீரியா இருக்கும் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடியாது. அது முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகும். 2021-இல் வெளியான முடிவுப்படி, அந்தப் பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடும், மருத்துவமனையில் சேர்பவர்கள் 86 விழுக்காடும் குறைந்தார்கள். புள்ளிவிவரத்தைவிட இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. எந்தப் பெண்ணிடமும் கூடுதலாக ஒரு வாளியைத் தேய்க்கச் சொல்லாமல் கிடைத்த பலன் இது. ஊர் ஊராக இதைச் செய்வதற்கும், குழாயில் தினமும் தண்ணீர் வருவதற்கும் செலவாகும் பணம், ஒவ்வொரு மழைக்காலமும் புகை அடிக்கச் செலவாகும் பணத்தைவிட நன்றாகப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம். புகை பறக்கும் கொசுவை அந்த நேரத்துக்குக் கொல்லும். கட்டிலடியில் இருப்பதையும் தொட்டிச் சுவரில் இருக்கும் முட்டையையும் அது தொடாது.

அதுவரை, காய்ச்சல் வார்டுகளில் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. பெண் நோயாளியின் முதல் தாளில் மூன்று கேள்விகள் அச்சாகட்டும்: கடைசி மாதவிடாய் எப்போது, இப்போது இரத்தப்போக்கு எவ்வளவு, கர்ப்பமா என்றால் எத்தனையாவது வாரம். முன்பு டெங்கு வந்ததுண்டா என்பதையும் கேட்கட்டும், ஏனென்றால் நான்கு வகை டெங்கு வைரஸ்களில் வேறொரு வகை இரண்டாவதாக வரும்போதே கடுமையாகும் வாய்ப்பு அதிகம். கர்ப்பிணியின் பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு காய்ச்சல் தாளோடு சேர்த்துக் குத்தப்படட்டும். சிக்குன்குனியா என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, ஆறாம் மாதத்தில் ஒருமுறை திரும்ப வரச்சொல்லித் தேதி போட்டுக் கொடுக்கட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கடைசி இரத்தப் பரிசோதனையின் தாளை மழைக்காலம் முழுக்கக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே அதை எடுத்துக்கொண்டு போங்கள், ஐந்தாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.